கட்டடம் கட்டுறதுக்கு முன்னாடி மண்ணுல போர் போட்டுப் பாக்குறது எப்படி? புதுசா இறங்குறவங்களுக்கு

வீடு கட்டப் போறவங்க கிட்ட சாயில் டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேட்டா "எடுத்தாச்சு, பத்து டன் வந்திருக்கு"ன்னு உடனே சொல்லிருவாங்க, அதாவது ஒரு சதுர மீட்டர் மண்ணு பத்து டன் தாங்கும்னு அர்த்தம். சரி, எத்தனை அடி ஆழத்துல பத்து டன், எந்த முறையில போர் போட்டாங்க, தண்ணி எந்த மட்டத்துல நின்னுச்சு, அப்போ கூட யார் இருந்தாங்கன்னு அடுத்த கேள்வி கேட்டா பதில் வராது. ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல இருக்குற அந்த ஒத்தை நம்பர், ஆறு இன்ச் அகலக் குழிக்குள்ள நடந்த வேலையை நம்பி வந்தது. குழியில சரியா பண்ணலைன்னா லேப்ல எவ்ளோ நல்ல மெஷின் இருந்தும் பிரயோஜனம் இல்ல. அதனால கணக்கை விட குழியைப் பத்தித்தான் இங்க அதிகமா சொல்லப் போறேன், முதல் தடவை வீடு கட்டுறவங்களுக்கும், படிப்பு முடிச்சு முதல் முதலா போர் போடுற சைட்டுக்குப் போற சிவில் பசங்களுக்கும். உதாரணம் பெரும்பாலும் சென்னைதான், ஒரே ஊருக்குள்ள கடல் மணல், களி, சதுப்பு, பாறைன்னு எல்லாமே இருக்கு.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துருவோம். தண்ணிக்குப் போடுற போர் வேற, இது வேற. தண்ணி போர் போடுற லாரி ரிக், காத்தழுத்தத்துல சுத்தியலை அடிச்சு மண்ணையும் கல்லையும் தூளாக்கி வெளிய ஊதித் தள்ளிடும், அதுக்கு ஓட்டை கிடைச்சாப் போதும். நமக்கு ஓட்டை முக்கியமில்ல, எந்த ஆழத்துல எந்த மண்ணு எந்த நிலையில இருக்குன்னு தெரியணும். "பக்கத்துல போர்வெல் போட்டப்போ 40 அடியில பாறை வந்துச்சு"ங்கிறது உபயோகமான தகவல்தான், ஆனா அதை வச்சு ஃபுட்டிங் (தூணுக்கு அடியில மண்ணுல உக்கார்ற அகலமான அஸ்திவாரம்) டிசைன் பண்ண முடியாது.

போர் ஆளைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி

மனையைச் சுத்தி பொறுமையா ஒரு நடை நடங்க. பக்கத்து வீடுகள்ல ஜன்னல் மூலையில இருந்து குறுக்கா விரிசல் ஓடியிருக்கான்னு பாருங்க, இருந்தா அந்த விரிசல் கோடையில பெருசாகி மழைக்காலத்துல மூடுதான்னு அந்த வீட்டுக்காரங்களையே கேளுங்க. அப்படி ஆகுதுன்னா அது சுருங்கி விரியுற களி. கிணறு இருந்தா எட்டிப் பாருங்க, சுவர் கட்டாத கிணறா இருந்தா மண் அடுக்கே கண்ணுக்குத் தெரியும். தண்ணி சித்திரையில எவ்ளோ கீழ போகும், ஐப்பசி கார்த்திகையில எவ்ளோ மேல வரும்னு கேட்டு எழுதி வச்சுக்கோங்க, இதை எந்த மெஷினும் உங்களுக்குச் சொல்லாது.

அப்புறம் அந்த இடம் முன்னாடி என்னவா இருந்துச்சு? வயலா, குட்டையா, செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளமா, கட்டட இடிபாடு கொட்டி நிரப்பின இடமா? இன்னைக்கு இவ்ளோ நெரிசலா இருக்குற தி.நகரே 1920கள்ல மாம்பலம் பக்கம் இருந்த பெரிய ஏரியை வடிச்சு உருவாக்கின பகுதிதான். ஏரி போயி நூறு வருஷம் ஆனாலும் அடியில இருக்குற களி அங்கேயேதான் இருக்கும். கூகுள் எர்த்துல பழைய வருஷத்துப் படங்களைப் பாக்க வசதி இருக்கு, சமீபத்துல தூர்த்த குட்டையெல்லாம் அதுலயே தெரிஞ்சுரும். ஊர்ல வயசானவங்க ரெண்டு பேர் கிட்ட பேசினா மீதியும் தெரிஞ்சுரும்.

எத்தனை போர், எங்க, எவ்ளோ ஆழம்

இந்தியாவுல இதுக்கு அடிப்படை ஐஎஸ் (இந்தியத் தரநிலை) 1892, ரொம்ப காலம் 1979 பதிப்பு இருந்துச்சு, 2021ல திருத்தி வெளியிட்டாங்க. ரொம்ப நாளா எல்லாரும் பின்பற்றுற விதி, சுமார் 0.4 ஹெக்டேர், அதாவது ஒரு ஏக்கர் அளவு இடத்துல கட்டடம் வந்தா நாலு மூலையில நாலு, நடுவுல ஒண்ணு. சின்னக் கட்டடம்னா நடுவுல ஒண்ணு போதும்னும் சொல்லியிருக்கு. என்னோட கருத்து, அரை கிரவுண்டா இருந்தாலும் ரெண்டு போடுங்க, எதிரெதிர் மூலையில. ஒண்ணு மட்டும் போட்டா களி அடுக்கு ஒரு பக்கம் சரிஞ்சு போகுதான்னு தெரியவே தெரியாது. கட்டடம் மொத்தமா ஒரே அளவு கொஞ்சம் இறங்குனா பெரிய பாதிப்பு இல்ல, ஒரு பக்கம் நின்னு இன்னொரு பக்கம் இறங்குறதுதான் பீமையும் சுவரையும் உடைக்குது, அந்த ஆபத்தை ஒத்தைக் குழி காட்டாது. வேளச்சேரி மாதிரி இடத்துல இது ரொம்ப முக்கியம், ஒரு பக்கம் பாறை மேல இருக்கும், சதுப்பு பக்கம் போகப் போக களி ஆழமாகும்.

போர் போடுற இடம் கட்டடம் நிக்கப் போற இடத்துக்குள்ள இருக்கணும். வண்டி நிறுத்த வசதி, தண்ணி எடுக்க வசதின்னு கேட் பக்கத்துல போட்டுட்டுப் போறது நிறைய நடக்குது, விடாதீங்க. பிளான்ல குறிச்சு, மனை எல்லையில இருந்து டேப் பிடிச்சு அளந்து ஆப்பு அடிச்சுக் குடுங்க. அந்த இடத்தோட தரைமட்டத்தையும் ரோட்டையோ வேற ஏதாவது நிலையான புள்ளியையோ வச்சுக் குறிச்சுருங்க. நாளைக்கு மனையை ரெண்டு அடி மண் போட்டு உசத்துவீங்க, அப்போ லாக்ல, அதாவது போர் போடும்போது ஆழம் வாரியா எழுதுற குறிப்புல, இருக்குற 1.5 மீட்டர்ங்கிறது எங்க இருந்து 1.5 மீட்டர்னு யாருக்கும் தெரியாமப் போயிரும்.

ஆழத்துக்கு வருவோம். ஃபுட்டிங் அடிமட்டத்துல இருந்து அதோட அகலத்துல ஒன்றரை மடங்கு ஆழம் வரைக்கும் பாக்கணும்ங்கிறது அடிப்படை. 1.5 மீட்டர் அகல ஃபுட்டிங் 1.5 மீட்டர் ஆழத்துல உக்காருதுன்னா 1.5ம் 2.25ம் சேத்து 3.75 மீட்டர். ஆனா வீட்டுல ஃபுட்டிங் எல்லாம் கிட்டக் கிட்ட இருக்கும், ஒண்ணோட அழுத்தம் கீழ போகப் போக பக்கத்து ஃபுட்டிங்கோட அழுத்தத்தோட கலந்துரும், அதனால இன்னும் கீழ போகணும். தரைத்தளம் பிளஸ் ஒண்ணு, பிளஸ் ரெண்டு வீட்டுக்கு நான் 6 மீட்டருக்குக் குறைச்சு ஒத்துக்க மாட்டேன், களிப் பகுதின்னா 10 மீட்டர். ராஃப்ட் (கட்டடம் முழுசுக்கும் அடியில போடுற ஒரே பெரிய கான்கிரீட் தளம்) போடுற கட்டடத்துக்கு ராஃப்ட் அகலத்துல ஒன்றரை மடங்கு. நிரப்பின மண்ணா இருந்தா நிரப்பினதைத் தாண்டி இயற்கை மண்ணைத் தொட்டு அதுக்குள்ளயும் போகணும். பாறை வந்துருச்சுன்னு சொன்னா உடனே நிறுத்தாதீங்க, அது தனியா கிடக்குற உருண்டைக் கல்லாக் கூட இருக்கலாம், பைல் (மண்ணுக்குள்ள ஆழமா இறக்குற தூண்) போடுற அளவு வேலையா இருந்தா பாறைக்குள்ள 3 மீட்டராவது துளைச்சுப் பாத்தாத்தான் நம்பலாம்.

எந்த முறையில போர் போடணும்

ரொம்ப எளிமையானது சோதனைக் குழி. ஆள் விட்டோ ஜேசிபி விட்டோ தோண்டி கண்ணால பாக்குறது. நிரப்பின மண் எவ்ளோ இருக்கு, அதுல செங்கல், பிளாஸ்டிக், வேர் என்ன கிடக்குன்னு இது காட்டுற மாதிரி வேற எதுவும் காட்டாது. ஒன்றரை மீட்டருக்கு மேல ஆழம்னா பக்கவாட்டுல பலகை முட்டு குடுக்காம யாரையும் உள்ள இறக்காதீங்க, மண்சுவர் சரியுறதுக்கு ஒரு நொடி போதும். தண்ணி வந்துட்டா இந்த முறை அதோட முடிஞ்சுது.

அடுத்தது ஆகர். டி வடிவ கைப்பிடி வச்ச திருகு, ரெண்டு பேர் சேந்து சுத்துவாங்க, திருகுல மண்ணு ஏறினதும் வெளிய எடுத்து தட்டிட்டு மறுபடி இறக்குவாங்க. கையால சுமார் 6 மீட்டர் வரைக்கும் போகலாம். குழி தானா நிக்கிற களி, செம்மண் மாதிரி மண்ணுக்கு, அதுவும் தண்ணி மட்டத்துக்கு மேல, நல்லா வேலை செய்யும். திருவான்மியூர் மணல்ல இதைக் கொண்டு போனா சுத்தச் சுத்த மணல் சரிஞ்சு விழும், கூழாங்கல் வந்தா திருகு நின்னுரும்.

ஷெல் அண்ட் ஆகர்ங்கிறது முக்காலி நட்டு, வின்ச்ல கயிறு போட்டு பண்றது. மணலுக்கு ஷெல், அதாவது கீழ ஒரு பக்கம் மட்டும் திறக்குற வால்வு வச்ச கனமான குழாய், அதைத் தூக்கித் தூக்கிப் போட்டா மணலும் தண்ணியும் உள்ள ஏறி மாட்டிக்கும். களிக்கு வால்வு இல்லாத கட்டர். குழி சரியாம இருக்க கேசிங் பைப் கூடவே இறக்கணும், வழக்கமா 150 மில்லிமீட்டர் அகலம். மெதுவாத்தான் போகும், ஆனா என்ன மண்ணு வருதுன்னு நல்லாத் தெரியும், மணலும் களியும் மாறி மாறி வர்ற ஆத்தோர இடங்களுக்கு நான் முதல்ல கேக்குறது இதைத்தான்.

சின்ன வேலைகள்ல அதிகமா பாக்கப் போறது வாஷ் போரிங். ராடு நுனியில உளி மாதிரி ஒரு பிட், ராடுக்குள்ள பம்ப் வச்சுத் தண்ணியை அழுத்தி விடுவாங்க, ராடைத் தூக்கிக் குத்தித் திருப்பிக் குத்த, மண்ணு கரைஞ்சு தண்ணியோட மேல வந்து தொட்டியில விழும். வேகமான முறை, சாமானும் குறைச்சல், ஆட்டோ போற சந்துக்குள்ள கூடக் கொண்டு போயிரலாம். இதுல கத்துக்க வேண்டியது வெளிய வர்ற தண்ணியைப் பாக்குறது. நிறம் மாறுச்சுன்னா, கையில பிடிச்சா நறநறப்பு மாறுச்சுன்னா, ராடு இறங்குற வேகம் மாறுச்சுன்னா அங்க அடுக்கு மாறுதுன்னு அர்த்தம், உடனே நிறுத்தச் சொல்லி ஆழத்தைக் குறிச்சுட்டு அங்க சாம்பிள் எடுக்கணும். ஆனா தொட்டியில படியுற மண்ணை சாம்பிள்னு பைல போட்டு லேபுக்கு அனுப்பவே கூடாது, அதுல நைஸான துகளெல்லாம் தண்ணியோட போயிருக்கும், மேல உள்ளது கீழ உள்ளது எல்லாம் கலந்தும் இருக்கும், களி கலந்த மணலை லேப் சுத்தமான மணல்னு சொல்லிரும். கெட்டியான கிராவல்லயும் பாறையிலயும் வாஷ் போரிங் போகாது, அப்போ "ஹார்டு வந்துருச்சு சார், முடிஞ்சுது"ன்னு சொல்லி ராடை உருவ ஆரம்பிப்பாங்க, முறை முடிஞ்சுதா மண்ணு முடிஞ்சுதான்னு அந்த நேரத்துல கேக்கணும்.

பெரிய கட்டடம், பாலம், மெட்ரோ மாதிரி வேலைக்கு ரோட்டரி. சுத்துற பிட், கூடவே பெண்டோனைட்ங்கிற களிமண் கரைசல். அந்தக் கரைசல் குழிச் சுவரைத் தாங்கிப் பிடிக்கும், வெட்டுன மண்ணை மேல கொண்டு வரும். ஆழம் போகலாம், எந்த மண்ணுலயும் போகலாம். ஒரே குறை, நிலத்தடி நீர் மட்டம் என்னன்னு அந்தக் கரைசல் மறைச்சுரும்.

பாறை வந்தா கோரிங், அதாவது பாறையை உருளைத் துண்டா வெட்டி எடுக்குறது, அந்தத் துண்டுதான் கோர். வைரத்தூள் பதிச்ச பிட், பின்னாடி கோர் பேரல், பரவலா எடுக்குறது என்எக்ஸ் அளவு, கோர் சுமார் 54 மில்லிமீட்டர் விட்டம் வரும். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் கிடைக்கிறது சார்னோகைட், நல்ல பாறைன்னா கருநீலமும் சாம்பலும் கலந்த நிறத்துல கண்ணாடி உடைஞ்ச மாதிரி கூரா வரும், பழுப்பு நிறமும் மாவு மாதிரி உதிர்றதும் இருந்தா சிதைஞ்ச பாறை. (கொல்கத்தாவுல இருக்குற ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல்லு இந்த வகைப் பாறைதான், தாமஸ் ஹாலண்டுங்கிற புவியியல் அறிஞர் அதைப் பாத்துத்தான் பாறைக்கே அந்தப் பேரை வச்சாரு.)

கோர்ல ரெண்டு கணக்கு. 150 சென்டிமீட்டர் துளைச்சு 120 கோர் வந்தா ரெக்கவரி 80 சதவீதம். அதுல 10 சென்டிமீட்டரும் அதுக்கு மேலயும் இருக்குற துண்டுகளை மட்டும் கூட்டினா 75 வருதுன்னு வைங்க, 75ஐ 150ஆல வகுத்தா ஆர்க்யூடி (பாறை எவ்ளோ உடையாம இருக்குன்னு காட்டுற அளவு) 50 சதவீதம். 25க்குக் கீழ ரொம்ப மோசம், 50ல இருந்து 75 சுமார், 90க்கு மேல அருமைன்னு வகைப்படுத்துவாங்க. எடுக்கும்போது கை பட்டு உடைஞ்ச துண்டை ஒரே துண்டாத்தான் எண்ணணும். டபுள் டியூப் பேரல் கேளுங்க, சிங்கிள் டியூப் உள்ளேயே கோரை நசுக்கிரும், நல்ல பாறையும் மோசம்னு ரிப்போர்ட் வரும்.

எஸ்பிடி நடக்கும்போது பக்கத்துல நில்லுங்க

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு பகுதிதான் படிக்க முடியும்னா இதைப் படிங்க. குழியை ஒரு ஆழம் வரைக்கும் போட்டுட்டு, ஸ்பிளிட் ஸ்பூன்ங்கிற ரெண்டா பிளக்குற குழாயை ராடுல மாட்டி இறக்கி, மேல இருந்து சுத்தியலால அடிச்சு மண்ணுக்குள்ள இறக்குறதுதான் எஸ்பிடி, அதாவது ஸ்டாண்டர்டு பெனட்ரேஷன் டெஸ்ட். ஐஎஸ் 2131 சொல்றபடி சுத்தியல் 63.5 கிலோ, விழுற உயரம் 75 சென்டிமீட்டர், குழாய் வெளிவிட்டம் 50.8 மில்லிமீட்டர். மொத்தம் 45 சென்டிமீட்டர் இறக்கணும், ஒவ்வொரு 15க்கும் எத்தனை அடின்னு தனித்தனியா எண்ணணும். முதல் 15 சும்மா உக்கார வைக்கிறது, கணக்குல வராது. 4, 6, 8ன்னு வந்தா கடைசி ரெண்டையும் கூட்டி 14, இதைத்தான் 'என்' (N) மதிப்புன்னு சொல்வாங்க. வழக்கமா 1.5 மீட்டருக்கு ஒரு தடவை, அடுக்கு மாறுற இடத்துல எல்லாம் கூடுதலா ஒண்ணு.

கேக்க சுலபமா இருக்கு, தப்பு நடக்குறதும் சுலபம். முதல்ல சுத்தியல் விழுற உயரம். வழிகாட்டி ராடுல 75 சென்டிமீட்டருக்கு சாக்பீஸ்லயோ பெயிண்ட்லயோ கோடு போடச் சொல்லுங்க. காலையில சரியா தூக்குவாங்க, சாயங்காலம் கை சோர்ந்து 60லயே விட்டுருவாங்க. உயரம் குறைஞ்சா அடியோட பலம் குறையும், அதே ஆழம் இறங்க அதிக அடி வேணும், என் மதிப்பு ஏறும், மண்ணு உண்மையில இருக்குறதை விட பலமானதா ரிப்போர்ட்ல நிக்கும். இந்தத் தப்பு எப்பவும் ஆபத்தான பக்கமே சாயும், அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன். வின்ச் உருளையில கயிறைக் கூடுதலா சுத்தி வச்சாலும் இதே கதிதான், சுத்தியல் தாராளமா விழாம கயிறு பிடிச்சு இழுக்கும்.

ரெண்டாவது குழியோட அடி சுத்தமா இருக்கணும். 3 மீட்டர் போட்டிருக்கோம்னா ஸ்பூனை இறக்கினதும் ராடு நீளம் கணக்குப் போட்டுப் பாருங்க, 2.8லயே உக்காந்துச்சுன்னா கீழ 20 சென்டிமீட்டர் சேறு கிடக்குன்னு அர்த்தம், கழுவிட்டு மறுபடி இறக்கச் சொல்லணும். கேசிங் பைப் டெஸ்ட் எடுக்குற மட்டத்தைத் தாண்டி இறங்கியிருக்கக் கூடாது. தண்ணியைக் கீழ் நோக்கிப் பீச்சுற பிட்டும் வேணாம், அது டெஸ்ட் எடுக்க வேண்டிய மண்ணையே கலக்கிரும், பக்கவாட்டுல பீச்சுறதுதான் சரி.

மூணாவது, கடலோர மணல்ல வேலை பாக்குறவங்க மறக்கவே கூடாதது. தண்ணி மட்டத்துக்குக் கீழ போயாச்சுன்னா குழிக்குள்ள தண்ணியை எப்பவும் நிலத்தடி நீர் மட்டத்துக்கு மேல நிரப்பியே வச்சிருக்கணும். குழித் தண்ணி குறைஞ்சா வெளிய இருக்குற தண்ணி அடியில இருந்து உள்ள பாயும், மணலையும் சேத்து பொங்கிட்டு வரும், அந்த இடத்துல மணல் தளர்ந்துரும். அப்புறம் எஸ்பிடி எடுத்தா என் மதிப்பு 3, 4ன்னு வரும், இல்லாத பிரச்சனைக்கு பைல் போடச் சொல்வாங்க. ராடை வேகமா உருவினாலும் இதே மாதிரி உறிஞ்சும், மெதுவா எடுக்கச் சொல்லுங்க.

ஸ்பூன் வெளிய வந்ததும் நுனியைப் பாருங்க. ஒரு கல்லு மாட்டியிருந்தா அந்த நம்பரை நம்பாதீங்க, லாக்ல பக்கத்துலயே எழுதிருங்க. 15 சென்டிமீட்டர் இறங்க 50 அடி ஆயிருச்சுன்னா, இல்ல 30க்கு 100 அடி ஆச்சுன்னா ரெஃபியூசல்னு எழுதி நிறுத்தலாம், எத்தனை அடிக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்குச்சுங்கிறதும் எழுதணும்.

நம்பரோட அர்த்தம் என்னன்னா, மணல்ல 4க்குக் கீழ ரொம்பத் தளர்வு, 4ல இருந்து 10 தளர்வு, 10ல இருந்து 30 நடுத்தரம், 30க்கு மேல இறுக்கம். களியில 2க்குக் கீழ ரொம்ப மெத்து, 4ல இருந்து 8 நடுத்தரம், 8ல இருந்து 15 கெட்டி, 30க்கு மேல ரொம்பக் கெட்டி. களிக்கு என் மதிப்பை முழுசா நம்ப வேணாம், பள்ளிக்கரணை மாதிரி சேறு போன்ற களியில ராடோட எடைக்கே ஸ்பூன் இறங்கிரும், அங்க வேன் ஷியர் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, நாலு இறக்கை வச்ச கம்பியை மண்ணுக்குள்ள விட்டு திருப்பி அதோட எதிர்ப்பை அளக்குறது. நைஸ் மணல், வண்டல் தண்ணிக்குக் கீழ இருந்து எண்ணிக்கை 15க்கு மேல போச்சுன்னா திருத்தம் உண்டு, 15க்கு மேல உள்ளதுல பாதியைத்தான் எடுத்துக்கணும், 25 வந்தா 20.

சாம்பிள், தண்ணி, லாக்

ஸ்பூன்ல வர்றது கலைஞ்ச மண்ணு, என்ன வகைன்னு சொல்ல உதவும், பலத்தையும் அமுங்குறதையும் சொல்லாது. களிக்கு அதெல்லாம் வேணும்னா கலையாத சாம்பிள், சுவர் மெல்லிசா இருக்குற குழாயை மண்ணுக்குள்ள ஒரே சீரா அழுத்தி எடுக்கணும், சுத்தியல்ல அடிச்சு இறக்குனா கலையாத சாம்பிள்னு பேர் மட்டும்தான் இருக்கும். வெளிய எடுத்ததும் ரெண்டு முனையிலயும் உருக்கின மெழுகு ஊத்தி மூடணும், போர் நம்பர், ஆழம், மேல் பக்கம் எது, தேதி எல்லாம் குழாய் மேலயே எழுதணும், மூடியில எழுதினா மூடி மாறிப் போகும். வெயில்ல போடாதீங்க, பைக்ல குலுங்கக் குலுங்கக் கொண்டு போகாதீங்க. மணல்ல கலையாத சாம்பிள் எடுக்குறது நடைமுறையில ஆகாது, அங்க எஸ்பிடிதான் துணை.

தண்ணி மட்டம் போர் முடிஞ்ச உடனே பாத்தா சரியா இருக்காது, நாமளே ஊத்தின தண்ணிதான் நிக்கும். 24 மணி நேரம் விட்டு அளக்கணும், களியில இன்னும் நேரம் ஆகும். மே மாசத்துல டெஸ்ட் எடுத்து 5 மீட்டர்ல தண்ணின்னு எழுதியிருந்தா, நவம்பர்ல அது தரைக்குக் கிட்ட வரும்னு டிசைன் பண்றவங்களுக்குச் சொல்லணும், முதல்ல கிணத்தைப் பத்தி விசாரிச்சு எழுதி வச்சது இங்கதான் உதவும். மணல்ல தண்ணி ஏறினா தாங்குதிறன் பாதிக்குக் கிட்ட குறையும்.

லாக் அப்பப்போ குழி பக்கத்துலயே எழுதணும். மூணு 15க்கும் தனித்தனி எண்ணிக்கை, நிறம், ஈரம், வாசனை (கருப்பா நாத்தம் அடிச்சா அழுகின தாவரப் பொருள் கலந்திருக்கு, அது வருஷக்கணக்கா அமுங்கிட்டே இருக்கும்), கேசிங் எவ்ளோ இறங்குச்சு, எங்க தண்ணி காணாமப் போச்சு எல்லாம். ஒவ்வொரு எஸ்பிடிக்கும் ஆழம் எழுதின பலகையை வச்சு ஒரு ஃபோட்டோ எடுங்க. போர் போடாமலே பக்கத்து மனை லாக்கைப் பாத்து எழுதிக் குடுக்குறதும் நடக்குது, ஃபோட்டோவும் சாம்பிள் பையும் இருந்தா அதுக்கு வழியில்ல.

வேலை முடிஞ்சதும் தண்ணி மட்டம் அளந்துட்டு குழியை மூடிருங்க, மண்ணோ சிமெண்ட் கலவையோ போட்டு இறுக்கி. திறந்த குழியை ஒரு ராத்திரி விட வேண்டியிருந்தா மேல கனமா மூடி வைங்க.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

லேப்ல சல்லடை, திரவ வரம்பு (எவ்ளோ ஈரத்துல மண்ணு கூழாகும்னு பாக்குறது), இயற்கை ஈரம், மணலுக்கு டைரக்ட் ஷியர், களிக்கு டிரையாக்ஸியல் (ரெண்டும் பலத்தைப் பாக்குறது), கன்சாலிடேஷன் (எவ்ளோ அமுங்கும்னு பாக்குறது) எல்லாம் எடுப்பாங்க. இது போக மண்ணுலயும் தண்ணியிலயும் சல்பேட், குளோரைடு, பிஎச் பாக்கச் சொல்லுங்க, கடலோரத்துலயும் சாக்கடை ஓடுற இடத்துலயும் சிமெண்ட் வகையை முடிவு பண்றதே அதுதான்.

களின்னா ஃப்ரீ ஸ்வெல் கட்டாயம் கேளுங்க. 10 கிராம் மண்ணை மண்ணெண்ணெயில ஒண்ணு, காய்ச்சி வடிச்ச தண்ணியில ஒண்ணுன்னு போட்டு 24 மணி நேரம் விட்டு, தண்ணியில எத்தனை சதவீதம் கூடுதலா உப்புதுன்னு பாக்குறது. 50க்குக் கீழ கவலை குறைவு, 100க்கு மேல கவனம், 200க்கு மேல ரொம்ப மோசம். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல்ல கோடையில எஸ்பிடி எடுத்தா காஞ்சு கல்லு மாதிரி இருக்குற மண்ணு நல்ல நம்பர் காட்டும், அதை நம்பி மேலாப்ல ஃபுட்டிங் வச்சா முதல் மழைக்கே தூக்கும், அடுத்த கோடைக்கு இறக்கும். அந்த மண்ணுக்கு எஸ்பிசி (மண்ணோட தாங்குதிறன் நம்பர்) மட்டும் போதாது. ரூர்க்கியில இருக்குற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கின அண்டர் ரீம்டு பைல் இதுக்காகவே வந்தது, அடியில குமிழ் மாதிரி அகலமா இருக்கும், ஈரம் மாறாத ஆழத்துல நங்கூரம் போடும், ஆழமான கரிசல்ல குறைஞ்சது 3.5 மீட்டர் நீளம் வேணும்.

கடைசிப் பக்கத்து நம்பருக்கு முன்னாடி நாலு விஷயம் எழுதியிருக்கணும்: எந்த ஆழத்துல, எந்த ஃபுட்டிங் அகலத்துக்கு, எத்தனை மில்லிமீட்டர் இறக்கத்துக்கு, தண்ணி மட்டம் எங்க இருக்குன்னு வச்சுக்கிட்டு. இந்த நாலும் இல்லாம சதுர மீட்டருக்கு 10 டன்னு மட்டும் இருந்தா திருப்பி அனுப்பிக் கேளுங்க. ஐஎஸ் 1904 ஆர்சிசி கட்டடத்தோட தனி ஃபுட்டிங்குக்கு மணல்ல 50 மில்லிமீட்டர், இளகுற களியில 75 மில்லிமீட்டர் வரைக்கும் இறக்கம் அனுமதிக்குது, நிறைய இன்ஜினியர்ங்க அதை விடக் குறைச்சுத்தான் எடுத்துக்குவாங்க, எதை எடுத்தாங்கன்னு தெரியணும். "பிளேட் லோட் டெஸ்ட் எடுத்துட்டோம், போர் வேணாம்"னு யாராவது சொன்னா, 30 சென்டிமீட்டர் தகடு தனக்குக் கீழ சுமார் 60 சென்டிமீட்டர் மண்ணைத்தான் சோதிக்குது, அதுக்குக் கீழ இருக்குற மெத்தான களி அதுக்குத் தெரியாது, அதைச் சொல்லிப் புரிய வைங்க.

அப்புறம் ஃபுட்டிங்குக்குத் தோண்டுற நாள். ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொரு குழியிலயும் அடி மண்ணைப் பாருங்க, நிறம், கெட்டி, ஈரம் லாக்ல சொன்ன மாதிரியே இருக்கான்னு. ஒரு குழியில மட்டும் கருப்பா மெத்துன்னு வந்தாலோ, பழைய கிணறோ செப்டிக் டேங்கோ தட்டுப்பட்டாலோ அந்தக் குழியை அப்படியே நிறுத்திட்டு டிசைன் பண்ணவங்களைக் கூப்பிடுங்க, மேஸ்திரி "ரெண்டு லோடு எம்சாண்ட் போட்டு தட்டிரலாம்"னு சொன்னாலும் அவங்க வந்து பாக்குற வரைக்கும் பிசிசி (ஃபுட்டிங்குக்கு அடியில போடுற கம்பி இல்லாத கான்கிரீட்) போட விடாதீங்க.